46 வயதிலும் 'சேல்ஸ் கேர்ள்'

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிறு வரி விளம்பரங்களைத் தவறாமல் பார்ப்பவள் நான். 'ஜவுளிக்கடைக்கு சேல்ஸ்மேன், சேல்ஸ் கேர்ள்ஸ் தேவை' என்று ஒரு விளம்பரமாவது இல்லாத வாரமே கிடையாது. ஆண் என்றால் 'மேன்'. அவர் பக்கத்திலேயே நின்று அதே சேலையை விரித்துக் காட்டுகிற பெண் மட்டும் 'கேர்ள்'!

எனக்கு வயது 46. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் 19 வருடமாக நிற்கிறேன். என் மூத்த மகள் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டாள். காஞ்சிபுரம் சேலையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தே கோர்வைக் கரையா (உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடுநூல் விட்டுக் கோத்து நெய்தது) இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஆனாலும் என் கழுத்தில் தொங்கும் அட்டையில் இன்றைக்கும் 'சேல்ஸ் கேர்ள்'தான்.

வெறும் பெயர்தானே என்கிறார்கள். அப்படி இல்லை. கல்யாணம் ஆனால் நின்றுவிடும் சின்னப்பெண் என்ற நினைப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நான் தொழில் சொல்லிக்கொடுத்த பையன்கள் இரண்டு பேர் செக்‌ஷன் இன்சார்ஜ் ஆகிவிட்டார்கள். எங்களில் ஒருத்தியைக்கூட அந்த இடத்துக்குக் கேட்டதில்லை.

மால்களில் இப்போது 'சேல்ஸ் அசோசியேட்' என்கிறார்கள். அமெரிக்காவில் வால்மார்ட் தன் ஊழியர்களை வெகுகாலமாக இப்படித்தான் அழைக்கிறது. அசோசியேட் என்றால் கூட்டாளி என்று மகள் சொன்னாள். லாபத்தில் பங்கில்லாத எனக்கு அந்தப் பெயரும் பொருந்தாது.

புதிதாகத் தேடவே வேண்டாம். ரேஷன் கடை வேலைக்கு அரசு அறிவிப்பு வந்தால் 'விற்பனையாளர், கட்டுநர்' என்றுதான் போடுகிறார்கள். ஆணுக்கும் அதே பெயர், பெண்ணுக்கும் அதே பெயர். 2021-ல் தமிழக அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, எங்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றதே, அந்தச் சட்டத்திலும் நாங்கள் ஊழியர்கள்தான். பையனும் பெண்ணும் அல்ல. (இருக்கை எங்கள் மாடிக்கு இன்னும் வரவில்லை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

கடை முதலாளிகளிடம் கேட்கும் நிலையில் நான் இல்லை. உங்களிடம் கேட்கிறேன். வரி விளம்பரம் வாங்கும் உங்கள் ஊழியர்கள், 'விற்பனையாளர் தேவை' என்று போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டும். இரண்டு பெயர் போடுகிற இடத்தில் ஒன்று போதும். விளம்பரம் தருபவருக்கும் காசு மிச்சம்.

இப்படிக்கு,
விற்பனையாளர், பட்டுப் பிரிவு,
மதுரை.