61 கட்டைக்குக் குறையாமல் வாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகளும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் நினைக்கிறோம்.

வாட்ஸ்அப்பில் நீ கேட்டிருந்ததைப் பார்த்தேன். ‘ஒரு கீபோர்டு வாங்கணும்ப்பா. ஹெட்போன் போடுற மாதிரி, பேட்டரியில ஓடுற மாதிரி, தூக்கிட்டுப் போக லேசா. எது நல்லது?’ அவ்வளவுதான். நாலு மாதத்தில் நீயாக அனுப்பிய முதல் செய்தி. போனில் பதில் சொன்னால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதல் காரியம், 61 கட்டைக்குக் குறைந்து வாங்காதே. வெள்ளை 36, கறுப்பு 25, முழுசாக ஐந்து ஆக்டேவ். லேசாக வேண்டும் என்று 32 கட்டை, 44 கட்டைப் பக்கம் போய்விடாதே. அதெல்லாம் பிள்ளைகளுக்கான சின்னக் கட்டை, உன் விரலுக்கு ஒன்றை அழுத்தினால் இரண்டு பேசும். 49 கட்டைகூட உனக்குக் காணாது. பாமாலைப் புத்தகத்துப் பாட்டில் நாலு குரலையும் சேர்த்து வாசிக்கிற கை உன்னுடையது. பேஸ் கீழே இறங்க இடம் இல்லாவிட்டால் இடது கை வந்து வலது கையில் முட்டும். மேலே 88 கட்டை டிஜிட்டல் பியானோ இருக்கிறது. கட்டை கனமாக, அசல் பியானோ மாதிரி நன்றாக இருக்கும். ஆனால் பெட்டியே பதினோரு கிலோவுக்கு வரும். வீட்டில் ஒரு இடத்தில் வைத்து வாசிக்கிறவனுக்கு அது தோதுதான். நீ தூக்கிட்டுப் போக என்று எழுதியிருக்கிறாய். எங்கே தூக்கிட்டுப் போவான் என்று அம்மா கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது, டச் உள்ளதாகப் பார்த்து வாங்கு. கடைக்காரன் எல்லாம் ஒன்றுதான் சார் என்பான். ஒன்று இல்லை. டச் இல்லாத கீபோர்டில் ஒரு கட்டைக்கு ஒரு கான்டாக்ட்தான். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். டச் உள்ளதில் கட்டைக்குக் கீழே ரப்பரில் இரண்டு கார்பன் புள்ளி இருக்கும். ஒன்று முந்திப் படும், மற்றது பிந்திப் படும். நடுவில் எவ்வளவு நேரம் போனது என்பதை வைத்துத்தான் உள்ளே இருக்கிற ஐசி சிப் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். கார்பனில் அழுக்கு ஏறினால் ஒரு கட்டை மட்டும் திடீரென்று கத்தும், இல்லையானால் பேசாது. நம் ரிப்பேர் கடைக்கு டிசம்பரில் வருகிற கீபோர்டில் பாதிக்கு மேல் இந்தக் கேஸ்தான். உனக்குத் தெரியும், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து நீயே எத்தனை துடைத்திருக்கிறாய்.

யமஹாவில் எஃப்52 விலை குறைவு, ஆனால் டச் கிடையாது. ஈ383 என்றால் டச் உண்டு. தபேலா, தம்பூரா எல்லாம் வேண்டும் என்றால் ஐ500, நம் நாட்டுக்கென்றே போட்டது. கேசியோவில் சிடி-எஸ்200க்கும் சிடி-எஸ்300க்கும் பார்வைக்குச் சட்டென்று வித்தியாசம் தெரியாது. 200இல் டச் இல்லை, 300இல் உண்டு. 300இல் இடது ஓரத்தில் சுருதியை வளைக்கிற சக்கரமும் இருக்கிறது. வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை வாசிக்கும்போது ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு வழுக்க முடியவில்லை என்று நீ தவிப்பாயே, அதற்கு அந்தச் சக்கரம் ஓரளவு உதவும். மூன்றேகால் கிலோதான். ஆறு சின்ன பேட்டரியில் ஓடும். நீ கேட்டதற்கெல்லாம் சேர்த்து என்னைக் கேட்டால் அதுதான். பெட்டியில் 300 என்று போட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்கு.

ஹெட்போன் எல்லாவற்றிலும் போடலாம். சிலதில் பெரிய பின், சிலதில் போன் ஹெட்போனே நுழையும். ஆனால் தம்பி, ஹெட்போன் எதற்கு? ராத்திரி வாசிக்கவா? எத்தனை மணிக்கு? காலையில் வேலைக்குப் போகிறவன் ராத்திரி தூங்க வேண்டாமா? ஸ்பீக்கரில் வாசி. பாப்பா இருக்கிற வீட்டில் சத்தம் கேட்கட்டும். நீ தவழ்கிற காலத்தில் பெஞ்சுக்குக் கீழே வந்து உட்கார்ந்து, நான் ரிப்பேர் பார்த்த கீபோர்டையெல்லாம் கேட்டுத்தான் வளர்ந்தாய். பாப்பாவுக்கும் அப்படிக் கேட்கட்டும். போன மூன்று ஞாயிற்றுக்கிழமையும் பேசினபோது பாப்பா தூங்கிட்டா என்றாய். சாயங்காலம் ஆறு மணிக்கு. பிள்ளைக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? சளி இருந்தால் அம்மா கற்பூரவல்லி ரசம் வைத்துக் கொடுக்கச் சொல்கிறாள்.

பேட்டரி காரியம். இப்போது வருகிறதெல்லாம் சின்ன பேட்டரி. அந்தக் காலத்து டார்ச் பேட்டரி ஆறு போட்டால் அதுவே தனிக் கனம். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு ராத்திரியில் வீடுவீடாகப் போகிற கீத பவனிக்கு நீ முதன்முதலில் போன வருஷம், அப்போது உனக்குப் பதினோரு வயது. சைக்கிள் கேரியரில் பலகை வைத்துக் கீபோர்டைக் கட்டி, மேலே பாலித்தீன் பேப்பர் போர்த்தி, தூறலில் தெருத்தெருவாகப் போனீர்கள். மூன்றாம் நாள் ராத்திரி பேட்டரி இறங்கிச் சத்தம் கரகரத்தது. நீ வால்யூமைக் குறைத்து, ஆர்கன் டோனை மாற்றி புல்லாங்குழல் டோனில் வைத்து, விடியற்காலை மூன்று மணிவரை ஓட்டிவிட்டாய். யாரும் சொல்லித்தரவில்லை. பாடகர் குழுத் தலைவர் மறுநாள் கடைக்கு வந்து ‘உங்க பையனுக்குக் காது மட்டுமில்ல, புத்தியும் இருக்கு’ என்றார். நான் அதை உன்னிடம் சொன்னதே இல்லை. தலைக்கனம் வந்துவிடும் என்று சொல்லவில்லை.

இப்போது உனக்குப் பேட்டரி எதற்கு என்றுதான் புரியவில்லை. உன் பிளாட்டில் ஜெனரேட்டர் இருக்கிறதே. வாசிக்காத நாளில் பேட்டரியைக் கழற்றி வெளியே வை. உள்ளேயே கிடந்தால் ஒழுகி ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

நீ இரண்டு கிறிஸ்துமஸாக ஊருக்கு வரவில்லை. மாதம் ஐந்தாம் தேதி பணம் வந்துவிடுகிறது, அதற்குக் குறைவில்லை. ஆனால் அம்மா பாஸ்புக்கைப் பார்த்தா உன் முகத்தைத் தெரிந்துகொள்வாள்? மருமகள் அம்மாவின் பிறந்தநாளுக்குத் தவறாமல் போன் போடுகிற பிள்ளை. இந்த வருஷம் போடவில்லை. நாங்கள் தப்பாக நினைக்கவில்லை, வேலை இருந்திருக்கும். கீபோர்டு வாங்கப் போகும்போது நீ மட்டும் போகாதே. மருமகளையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. ஒரு சாமான் வாங்கும்போது வீட்டிலுள்ளவர்கள் கூட இருந்தால் நல்லது. 61 கட்டை, டச் உள்ளது, மறக்காதே.

செகண்ட் ஹேண்டு பார்க்கிறாயா? அப்படியானால் மூன்று காரியம் சோதி. ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் ஓங்கியும் அழுத்திப் பார். எட்டு கட்டைக்கு ஒரு கட்டை என்று கணக்காகப் பேசாமல் இருந்தால் உள்ளே பிளாட் கேபிளில், அந்தப் பட்டை ஒயரில், ஒரு கம்பி போயிருக்கிறது என்று அர்த்தம். ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, ஹெட்போனில் மட்டும் வருகிறது என்றால் ஸ்பீக்கர் போகவில்லை, ஹெட்போன் சாக்கெட்டின் பட்டை சிக்கியிருக்கும். அதை வைத்து விலையைக் குறைக்கலாம். அப்புறம் சுருதி. உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வயதில், ரிப்பேர் முடித்து நான் மூடி வைத்த ஒரு கீபோர்டை இரண்டு கட்டை தட்டிவிட்டு ‘அப்பா, இது ஏறி நிக்குது’ என்றாயே. டியூனிங்கைத் திறந்து பார்த்தால் 440 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டியது 446இல் நின்றது. யாரோ தெரியாமல் அழுத்தியிருக்கிறார்கள். கடையில் இருந்த மூன்று பேருக்கும் எனக்கும் கேட்காதது உனக்குக் கேட்டது.

பிளாட் கேபிள் என்று எழுதிவிட்டேன். இரண்டு நாளாக இந்த இடத்தில் வந்து நிற்கிறேன்.

தம்பி, உன் பழைய கீபோர்டு கெட்டுப் போகவில்லை.

நீ பன்னிரண்டாவது படித்த வருஷம். அரையாண்டில் பிசிக்ஸ் 200க்கு 112. டிசம்பர் முழுவதும் நீ கீத பவனி, பயிற்சி என்று ஓடினாய். ஜனவரியில் ஒரு ராத்திரி, நீ தூங்கின பிறகு, நான் அதைத் திருப்பிப் போட்டு ஸ்குரூவைக் கழற்றினேன். கட்டைப் போர்டிலிருந்து மெயின் போர்டுக்கு வருகிற கேபிளை உருவிவிட்டு மறுபடியும் மூடினேன். பத்து நிமிஷ வேலை. மறுநாள் சாயங்காலம் நீ அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாய். ‘ரிதம் ஓடுதுப்பா, கட்டை மட்டும் பேசல’ என்றாய். உன் முன்னாலேயே திறந்தேன். நீதான் டார்ச் பிடித்தாய். அந்த வெளிச்சத்தில் கேபிளின் முனை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. உனக்குத் தெரியாத பொருளா? அதன் மேல் என் இடது உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு, வலது கையில் மீட்டர் கம்பியை இங்கும் அங்கும் வைத்தேன். ‘மெயின் ஐசி போச்சு. இந்த மாடலுக்கு ஐசி வராது’ என்றேன். நீ டார்ச்சை அணைத்துவிட்டு ‘பரவால்லப்பா, பரீட்சைதான வருது’ என்றாய்.

அதற்கப்புறம் ஒரு வாரம், ரிதத்தை மட்டும் சின்னதாகப் போட்டுவிட்டு, பேசாத கட்டையின் மேல் நீ வாசித்துக்கொண்டிருந்தாய். கட்டை அமுங்குகிற டக் டக் சத்தம் மட்டும் கேட்கும். நான் அடுத்த அறையில் படுத்திருந்தேன். எழுந்து வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ரிசல்ட் வந்ததும் மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ரிசல்ட் வந்தது, நல்ல மார்க், இன்ஜினியரிங் சீட்டும் கிடைத்தது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் நீ கீபோர்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஐசி கிடைத்துவிட்டது என்று நானாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் நீ எதையும் என்னிடம் ரிப்பேருக்குக் கொண்டுவரவில்லை. வாட்ச் நின்றால்கூட ஜங்ஷனில் கொடுத்தாய். உனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டதா? இத்தனை வருஷமாக நான் கேட்க நினைத்தது இதுதான். என் கையின் கீழே இருந்ததை நீ பார்த்தாயா? அம்மாவுக்கு இது இந்தக் கடிதம் எழுதுகிற இன்றுவரை தெரியாது. போஸ்ட் பண்ணுவதற்கு முன் சொல்லப் போகிறேன்.

நீ படித்து நல்ல நிலைக்கு வந்தாய், அதனால் செய்தது சரி என்று சொல்லமாட்டேன். கேட்டிருக்கலாம். பரீட்சை வரை அலமாரியில் பூட்டி வை என்று சொல்லியிருந்தால் நீயே பூட்டிச் சாவியைக் கொடுத்திருப்பாய். உன்னை நம்பாமல் போனேன். என்னை மன்னித்துவிடு.

உன் செய்தி வந்த அன்று பரணிலிருந்து அதை இறக்கினேன். கேபிளை மாட்டிப் பார்த்தேன். மடிந்த இடத்தில் இரண்டு கம்பி விட்டிருந்தது. மெல்லிய ஒயர் வைத்துப் பற்றவைத்துவிட்டேன். கார்பனைத் துடைத்தேன். இரண்டு கட்டை தவிர எல்லாம் பேசுகிறது. அம்மா பக்கத்தில் வந்து நின்று, ஐந்து கட்டையில் ஒரு சுருதி கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். பாடத் தொடங்கி முதல் அடியிலேயே நிறுத்திவிட்டாள்.

இதை உனக்கு அனுப்பவா என்று கேட்கமாட்டேன், பழசு. நீ புதிதாகவே வாங்கு. கொஞ்ச நாள் ஊரில் வந்து இருக்க வேண்டும் என்று தோன்றினால் வா. நாகர்கோவில் வண்டி இருக்கிறது. நீ மட்டும் வந்தாலும் சரி, எல்லோரும் வந்தாலும் சரி. மாடி அறையை அம்மா கழுவிவிட்டுப் பாய் விரித்து வைத்திருக்கிறாள். ஏன், எதற்கு என்று நாங்கள் கேட்கமாட்டோம்.

கடைக்குப் போனதும் அங்கிருந்தே எனக்குப் போன் போடு. போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டு, கீழேயிருந்து மேலே வரை 61 கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்து. மெதுவாக ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை. கடைக்காரர் அவசரப்படுத்தினால் அப்பா கேட்கிறார் என்று சொல். பாப்பா கூட இருந்தால் அவள் விரலால் அழுத்தச் சொல். எவ்வளவு நேரமானாலும் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: பெட்டிக்குள் அடாப்டர் இருக்கிறதா என்று திறந்து பார். இல்லையானால் அந்த மாடலுக்கு உரியதையே வாங்கு. யமஹாவில் 12 வோல்ட், பின்னின் நடு பிளஸ். பழைய கேசியோ அடாப்டரில் 9 வோல்ட், நடு மைனஸ். பின் இரண்டிலும் நுழைந்துவிடும், போர்டு போய்விடும். இது மட்டும் போனால் நிஜமாகவே ஐசி கிடைக்காது.