இன்ஜெக்டரைக் கழற்றும் முன் கரண்ட் அலையைப் பாருங்கள்: கார் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

கார் கம்பெனிகளின் சர்வீஸ், வாரண்டி பிரிவுகளை நடத்தும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் கோவையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன். சென்ற வாரம் ஒரு டாக்ஸி டிரைவர் என் பட்டறைக்கு வந்தார். நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் எஞ்சின் நடுங்குகிறது என்று உங்களில் ஒருவருடைய சர்வீஸ் சென்டரில் விட்டிருக்கிறார். ஸ்கேனரில் பி0302 என்ற பழுதுக் குறியீடு வந்ததாம். அதை வைத்தே, பெட்ரோலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றி பில் போட்டுவிட்டார்கள். வண்டியை வெளியே எடுத்ததும் அதே நடுக்கம். திரும்பப் போய்க் கேட்டதற்கு, ‘அப்படியானால் ஈசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்) போயிருக்கும்’ என்று அடுத்த எஸ்டிமேட்டை நீட்டியிருக்கிறார்கள். வண்டி ஓடினால்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கும். தவணைத் தேதி யாருக்காகவும் தள்ளிப் போவதில்லை.

இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதோடு அந்தக் குறியீடு நின்றுவிடும். காரணம் பிளக்கா, இக்னிஷன் காயிலா, ஒயரிங்கா, கம்ப்ரஷனா என்று அது சொல்லாது. இது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கரண்ட் ஏறி இறங்குவதை அலையாகக் காட்டும் ஸ்கோப்பை எடுத்து, ஒயரைச் சுற்றிக் கவ்வும் கரண்ட் கிளாம்ப்பை ஜீரோ செய்து, ஒவ்வொரு இன்ஜெக்டரின் ஒயரிலும் மாட்டினேன். ஒயரை அறுக்கவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம். சிலிண்டருக்கு வெளியே, காற்று வரும் பாதையில் பெட்ரோல் தெளிக்கும் இந்த வகை போர்ட் இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். எஞ்சின் ஓடும்போது இருக்கிற 14 வோல்ட்டில் கரண்ட் ஏறக்குறைய 1 ஆம்பியர் வரை வளைந்து ஏறும். ஏறுகிற வழியில் ஒரு சின்னப் பள்ளம் விழும். உள்ளே பெட்ரோல் வழியைத் திறக்கும் ஊசி எழும்புகிற கணம் அது. கரண்ட் முழுதாக ஏறியும் பள்ளமே இல்லையென்றால் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கலாம். கோடு செங்குத்தாக எகிறினால் காயில் சுற்று ஷார்ட். மல்டிமீட்டரில் ஓம் மட்டும் பார்த்தால், ஒட்டிப்போன ஊசியும் நல்லதாகத்தான் தெரியும்.

மூன்று அலைகள் ஒரே அச்சு. இரண்டாவது மட்டும் ஆரம்பத்தில் மற்றவை போலவே ஏறி, அரை ஆம்பியரைத் தாண்டியதும் படுத்துவிட்டது. பள்ளமும் தாமதமாக, மங்கலாக. மாட்டியிருப்பதோ புத்தம் புதிய இன்ஜெக்டர். அப்படியென்றால் கரண்ட் வரும் பாதையில் எங்கோ ஓம் கூடியிருக்கிறது. இன்ஜெக்டரோடு ஒயர் சேரும் கப்ளரைக் கழற்றினால் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. பின்னை மாற்றி கிரிம்ப் செய்ததும் நான்கும் ஒன்றாகிவிட்டன. அப்புறம், டிக்கியில் கவருக்குள் கிடந்த பழைய இன்ஜெக்டர்களைப் புது ஓ-ரிங் போட்டு மாட்டிப் பார்த்தேன். அலையும் சுத்தம், ஐடிலிங்கும் சுத்தம். கெட்டுப்போனது என்று சொல்லி அவரிடம் காசு வாங்கிக் கழற்றிய பொருள்கள் அவை.

மாற்றிப் பார்ப்பது பழுது கண்டுபிடிப்பது ஆகாது. இரண்டாவது இன்ஜெக்டரையும் மூன்றாவதையும் இடம் மாற்றியிருந்தால்கூட மிஸ்ஸிங் இரண்டிலேயே நின்று காட்டிக் கொடுத்திருக்கும். அதற்குக்கூட நேரம் கொடுக்கவில்லையா? உங்கள் டெக்னீஷியன்களை நான் குறை சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் இத்தனை ஜாப் கார்டு முடிய வேண்டும் என்று நெருக்கினால் எந்தப் பையன் கப்ளரைக் கழற்றிப் பார்ப்பான்?

ஆகவே நான் கேட்பது இதுதான்: இன்ஜெக்டரை மாற்றும் முன் கரண்ட் அலையை எடுங்கள், அதை வண்டிக்காரர் கையில் கொடுங்கள். என்னைப் போன்ற பட்டறைக்காரனே வாங்கி வைத்திருக்கும் கருவி இது. உங்களுக்கு இது ஒரு செலவே இல்லை.

அலை எல்லாவற்றையும் சொல்லிவிடாது, ஒத்துக்கொள்கிறேன். ஊசி எழும்பினாலும் துளை அடைத்திருக்கலாம். அதற்கு, எவ்வளவு பெட்ரோல் பாய்கிறது என்று பார்க்கும் ஃப்ளோ டெஸ்ட் வேண்டும். சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் தெளிக்கும் நேரடி இன்ஜெக்ஷன் வண்டிகளில் ஈசிஎம் 60 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிக் கொடுப்பதால் அலையின் உருவமே வேறு. நல்ல அலை எப்படி இருக்கும், ஒயரிங் எப்படிப் போகிறது என்று நீங்கள் வெளியிட்டால்தானே வெளியில் இருப்பவன் சரியாக வேலை பார்க்க முடியும்? பழுதுபார்க்கும் விவரங்களும் கருவிகளும் பாகங்களும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. 2022-இல் மத்திய அரசு, பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது. இத்தனைக்குப் பிறகும் ஒரு ஒயரிங் படத்துக்காக நாங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் கையேந்துகிறோம். இது எங்கள் தொழிலுக்கு அவமானமாக இருக்கிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் அலை இல்லாமல் இன்ஜெக்டர் பில் போடக் கூடாது என்று உங்கள் சர்வீஸ் சென்டர்கள் அனைத்துக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த டிரைவரிடம் வாங்கிய பணத்தையும் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள். பில் அவரிடம் இருக்கிறது. அலைகளை நான் சேமித்து வைத்திருக்கிறேன். எப்போது கேட்டாலும் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு கார் எலக்ட்ரீஷியன்