டு ப்ரே வாசித்தது நோயின் வலியை அல்ல

ஆசிரியருக்கு,

ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் செலோ கான்செர்ட்டோவை, அதாவது செலோ என்ற பெரிய தந்தி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதை எழுத ஒருவர் முன்வந்ததே பெரிய மகிழ்ச்சி. ஆனால் செலோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே தன் நோயின் வலியைத்தான் இதன் இசைப்பதிவில் கொட்டியிருக்கிறார் என்ற வரி என்னைத் தூங்கவிடவில்லை. பதிவு நடந்தது 1965 ஆகஸ்டில். அப்போது அவருக்கு 20 வயது, நல்ல ஆரோக்கியம். நோய் இன்னதென்று, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என்று, தெரிந்தது 1973-ல்.

என் மகள் செலோ கற்கிறாள். இதன் தொடக்கத்தை எங்கள் வீட்டில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. செலோ முதலில் தனியாக, பல தந்திகளை ஒன்றாக இழுத்து, கனத்த நான்கு ஒலிகளை எழுப்பும். கொஞ்ச நேரம் கழித்து, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்கள் மட்டும், யாருடைய துணையும் இல்லாமல், முக்கிய மெட்டைத் தொடங்கும். வழி தெரியாமல் நடப்பவர் போல ஒரு நடை அது. அந்தத் துயரத்தை எழுதியவர் எல்கர். 1918 மார்ச்சில் தொண்டையில் அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் பென்சில் கேட்டு வாங்கி, இந்த மெட்டைத்தான் குறித்தார். மறு ஆண்டு சசெக்ஸ் காட்டில், பிரிங்க்வெல்ஸ் என்ற சிறிய வீட்டில் முழுவதையும் எழுதினார். முதல் உலகப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அவருக்கு வயது 62. அடுத்த ஏப்ரலில் மனைவி ஆலிஸும் போய்விட்டார்.

1919 அக்டோபர் 27-ல் லண்டன் குயின்ஸ் ஹாலில் முதல் கச்சேரி. ஒத்திகை நேரத்தில் பெரும்பகுதியை அன்றைய நிகழ்ச்சியில் இசைக்குழுவை வழிநடத்திய மற்றொருவரான ஆல்பர்ட் கோட்ஸ் எடுத்துக்கொண்டதால் வாசிப்பு சோபிக்கவில்லை. அன்று செலோ வரிசையில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார், 19 வயது ஜான் பார்பிரோலி. 46 ஆண்டுகள் கழித்து டு ப்ரேயின் பதிவில் இசைக்குழுவை வழிநடத்தியவர் அதே பார்பிரோலிதான்! எனக்கு இதுதான் சொல்லத் தக்க கதை. கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

நோயாளியாக மட்டுமே டு ப்ரேயை நினைத்தால், 17 வயதிலேயே ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் இதை வாசித்த அந்தப் பெண்ணின் உழைப்பு மறைந்துபோகிறது. அடுத்த இணைப்பில் ஆண்டுகளைத் திருத்தி ஒரு சிறு குறிப்பாவது போடுங்கள். அப்புறம், பார்பிரோலியைப் பற்றியும் நாலு வரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹாரோ, லண்டன்