கொழிஞ்சாம்பாறைப் பட்டறைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

பைத்தான் என்ற நிரல்மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த பட்டறையின் நிறைவு நாளில் நான் சொன்ன நன்றி, அரங்கில் இருந்தவர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அதற்கு முந்தைய மூன்று இரவுகள் கண்விழித்து உழைத்தவர்கள் அன்று அங்கே இல்லை. அவர்களுக்காக இந்த மடல்.

வந்த பிள்ளைகள் 24 பேர். பாதிப்பேர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிப்பவர்கள். மற்றவர்கள் எல்லையூரான வேலந்தாவளத்தைத் தாண்டி, தமிழ்நாட்டின் கோவை மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பள்ளி தந்த மடிக்கணினிகளில் உபுண்டு என்ற இலவச இயங்குதளம். எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவற்றில் விண்டோஸ். அவற்றிலும் நான்கு பழைய விண்டோஸ் 7. மண்டபத்தில் இணையம் வருவதும் போவதுமாக இருந்தது.

டீச்சர், விடுமுறை என்று பாராமல் பள்ளியைத் திறந்து, கணினி கணினியாக உட்கார்ந்து நிறுவ அனுமதி தரும் கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்தீர்கள். உபுண்டுவில் பைத்தான் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் கணினிக்குள் தனியறை போன்ற ‘தனிச்சூழல்’ அமைக்க உதவும் ‘வென்வ்’ தனிப் பொதியாகத்தான் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் முதல் கட்டளையே நின்றுவிடும். தனிச்சூழலுக்குள் பிள்ளைகள் எதை நிறுவினாலும் கணினியின் சொந்தப் பைத்தானுக்குப் பழுது வராது என்று தலைமையாசிரியருக்குப் பொறுமையாக விளக்கியதும் நீங்கள்தான்.

வேலந்தாவளத்தில் கணினிப் பழுதுக்கடை வைத்திருக்கும் அண்ணா, உங்கள் கடை இணையத்தில்தான் எல்லாவற்றையும் தரவிறக்கினோம். கணக்கிட உதவும் நம்பை, வரைபடம் போட உதவும் மேட்பிளாட்லிப் போன்ற நிரலகங்களின் வீல் கோப்புகள் (நிறுவத் தயாராகக் கட்டிய பொதிகள்) பைத்தான் பதிப்புக்கும் இயங்குதளத்துக்கும் பொருந்தினால்தான் ஏறும். விண்டோஸ் 7-இல் பைத்தான் 3.8-க்கு மேல் ஓடாது என்று நீங்கள் எடுத்துச் சொல்லியிருக்காவிட்டால் நான்கு பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வேண்டியிருந்திருக்கும். அதனால் கோப்புகளை உபுண்டு, விண்டோஸ் 7, மற்ற விண்டோஸ் என மூன்று வகையாகப் பிரித்து, மூன்று பென்டிரைவ்களில் ஏற்றினோம்.

கல்லூரி மாணவிகள் இருவரும் பென்டிரைவுக்கு ஒரு நிறம், அதே நிறத்தில் மடிக்கணினிக்கும் ஒரு ஸ்டிக்கர் என்று ஒட்டினார்கள். பிறகு, இணையம் இல்லாமலே நிறுவ முடிகிறதா என்று அறிய வைஃபையை அணைத்துவிட்டு, 24 கணினிகளிலும் நிறுவிப் பார்த்தார்கள். அந்தப் பொறுமையை என்னால் மறக்க முடியாது.

ஒன்பதரைக்குத் தொடங்கினோம். பத்து மணிக்குள் எல்லாரும் நிரல் எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘கொழிஞ்சாம்பாறை’ என்று தட்டி, அதன் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டாள். 14 என்று வந்தது. விரல்விட்டு எண்ணினாள்: கொ, ழி, ஞ், சா, ம், பா, றை. ஏழுதானே என்றாள். புள்ளியையும் துணைக்காலையும் கொம்பையும், கணினி எழுத்துகளுக்கான யூனிகோடு முறை தனித்தனிக் குறியாக எண்ணுகிறது என்று கரும்பலகையில் பிரித்துக் காட்டினேன். பிறகு, பென்டிரைவில் நீங்கள் சேர்த்திருந்த தமிழ் எழுத்துகளைப் பிரித்தறியும் ஓப்பன்-தமிழ் நிரலகத்தைக் கொண்டு எண்ணவைத்தாள். ஏழு வந்ததும் எழுந்தே நின்றுவிட்டாள். அந்த ஒரு கேள்விக்கு அரைமணி நேரம் ஒதுக்க முடிந்தது, நிறுவும் வேலை எதுவும் எங்களுக்கு மிச்சமில்லாததால்தான்.

அண்ணா, மூன்று பென்டிரைவ்களும் பத்திரமாக இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கொண்டுவருகிறேன். பணம் வாங்க மறுத்துவிட்டீர்கள். அந்தப் பெண் எழுதிய நிரலை அச்செடுத்து, அவள் கையெழுத்தோடு வைத்திருக்கிறேன். அதையாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
பட்டறை ஒருங்கிணைப்பாளர்