பொறாமை என்று அவன் சொன்னதை நம்பலாமா? பட்டிமன்ற நடுவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களுக்கும், எங்கள் ஊர்த் திரைப்பட வட்டப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தங்கள் தலைமையில் நடந்த பட்டிமன்றத்தில், மூன்றாம் வரிசையில், கிறீச்சிட்டுக்கொண்டே சுழன்ற மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்திருந்தவன் நான். டேவிட் ஃபின்ச்சரின் இயக்கத்தில் 1995இல் வெளிவந்த ‘செவன்’ படத்தின் கொலைகாரனை இறுதியில் ஆட்டிவைத்தது பக்திப்பித்தா, பொறாமையா என்ற தலைப்புக்குப் பொறாமையே என்று தீர்ப்பளித்தீர்கள். அவனே தன் வாயால் ஒப்புக்கொண்ட பிறகு வேறு சாட்சி எதற்கு என்று தாங்கள் கேட்டபோது மண்டபமே கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. காரணத்தை அன்றே சொல்லியிருப்பேன். ஒலிவாங்கி எங்கள் வரிசைக்கு வருவதற்குள் நன்றியுரை தொடங்கிவிட்டது.

கிறித்துவ மரபு கூறும் ஏழு பெரும்பாவங்களுக்கு ஏழு தண்டனை என்று புறப்பட்ட அந்தக் கொலைகாரன் ஜான் டோ, ஐந்து முடிந்த நிலையில், இரத்தக்கறை படிந்த சட்டையோடு காவல் நிலையத்துக்குத் தானே நடந்து வந்து சரணடைகிறான். பிறகு துப்பறிவாளர்கள் சாமர்செட்டையும் மில்ஸையும் மின்கோபுரங்கள் நிற்கும் வெட்டவெளிக்கு அழைத்துப் போகிறான். அங்கே வந்து சேரும் பெட்டியில் மில்ஸின் மனைவி டிரேசியின் தலை இருப்பதை அவன் வாய்மொழியாகவே அறிகிறோம். பெட்டிக்குள் இருப்பதைப் படம் காட்டுவதில்லை. மில்ஸின் எளிய குடும்ப வாழ்வைக் கண்டு பொறாமைப்பட்டேன், ஆகவே அந்தப் பாவம் நானே என்கிறான். மில்ஸ் சுடுகிறார், சினமும் சேர்ந்து ஏழும் நிறைகின்றன.

தங்கள் தீர்ப்பு தாண்டிச் சென்ற காட்சி ஒன்று உண்டு. நடுப்படத்தில் துப்பறிவாளர்கள் அவன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்ட அன்று, அவனே அங்கே தொலைபேசியில் அழைத்து, இன்றைய தடங்கலால் தன் நிரலை மாற்றியமைக்க வேண்டியிருப்பதாகச் சொல்கிறான். முதலில் போட்ட கணக்கு என்னவென்று படம் சொல்லவில்லை. ஆனால் கணக்கு மாறியது என்பது அவன் வாயிலிருந்தே வருகிறது. மில்ஸுக்கு அந்த நாடகத்தில் இடம் கிடைத்தது அதன் பிறகுதான் என்பது என் கட்சி. காவலர்களிடமிருந்து செய்தியாளர்கள் எவ்வளவு எளிதாகத் தகவல் வாங்கிவிடுகிறார்கள் என்று வெட்டவெளியில் அவன் வியக்கிறானே, பொறாமையில் வெந்தவன் பேசும் பேச்சா அது? காலியாக இருந்த ஆறாம் நாற்காலிக்கு ஆள் தேடி, யாரும் அகப்படாமல், தானே அமர்ந்துகொண்டவனின் பேச்சு.

பொறாமையைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில், எதிர் லயத்துக்காரர் (லயம் என்பது தொழிலாளர் வீட்டு வரிசை) புது மோட்டார் சைக்கிள் வாங்கிய வாரமே, அதன் இருக்கையை யாரோ மரம் சீவும் கத்தியால் கிழித்துவிட்டார்கள். கோடு வளைந்து இறங்கியிருந்த விதத்திலேயே ஆயுதம் இன்னதென்று லயத்துக்கே தெரிந்துவிட்டது. ஆளும் அன்று மாலைக்குள் அகப்பட்டுக்கொண்டார். வண்டிச் சத்தத்தில் குழந்தை தூங்கவில்லை என்றார், புகை அடுப்படிக்குள் வருகிறது என்றார், நடைபாதையை மறைத்து நிறுத்துகிறார்கள் என்றார். வயிற்றெரிச்சல் என்ற ஒரு சொல்லைத் தவிர எல்லாம் சொன்னார். உண்மையான பொறாமைக்காரன் எதை ஒப்புக்கொண்டாலும் அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டான். ஜான் டோவோ, மண்டியிட்ட நிலையிலும் குரல் நடுங்காமல், பாடம் ஒப்பிப்பது போல அதைச் சொல்கிறான்.

அன்று காலை மில்ஸின் வீட்டுக்குப் போய்க் கணவனாக வாழ்ந்து பார்க்க முயன்றதாக அவன் கூறும் இடத்தைப் பொறாமை அணியினர் சுட்டினார்கள். வலுவான வாதம், என்னால் அதை முழுதாகத் தட்டிவிட முடியவில்லை. ஆனாலும், டிரேசி கருவுற்றிருந்ததை மில்ஸ் அறியவில்லை என்பது புரிந்ததும், அதையும் அவன் தன் காரியத்துக்கே பயன்படுத்துகிறான். பொறாமைக்கு அழித்ததோடு ஆறுதல் கிடைத்திருக்கும். இவனுக்குத் துப்பாக்கி வெடித்தாக வேண்டும்.

எனில் அவனுக்கு வேண்டியதுதான் என்ன? வண்டியில் வரும்போதே சொல்லிவிடுகிறான்: தன் செயலை மக்கள் என்றென்றும் ஆராய்வார்களாம். விரல் நுனித் தோலைச் சீவிக்கொண்டு, அடையாளம் தெரியாத ஆணுக்கு அமெரிக்காவில் இடும் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டவன், ஆளை அழித்து வேலையை மட்டும் நிற்கச் செய்யப் பார்க்கிறான். அந்த வேலை அரைகுறையாக நின்றுவிடக் கூடாது என்ற வெறியே அவனுடைய நோக்கம். பக்தியும் பொறாமையும் அதற்கு அவன் மாட்டிக்கொண்ட வேடங்கள். (நாமும் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து இரண்டரை மணி நேரம் அவனைத்தான் ஆராய்ந்தோம் என்பது வீடு திரும்பும் வழியில் உறைத்தது.)

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, தொலைபேசிக் காட்சியையும் வெட்டவெளிக் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டிய பிறகு, தீர்ப்பை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். படத்தின் வட்டு என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன். ஒலிவாங்கியை இம்முறை பின்வரிசையிலிருந்து தொடங்கினால் நலம்.

இங்ஙனம்,
மூன்றாம் வரிசைப் பார்வையாளன்,
சுங்கை சிப்புட்.