சேராத பிள்ளையின் விவரம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை பற்றிய உங்கள் சிறப்புப் பக்கங்களில் ஒவ்வொரு படிப்பின் கீழும் ‘மேலும் விவரங்களுக்கு இணையதளத்தைப் பார்க்கவும்’ என்று போட்டிருந்தீர்கள். அப்படிப் பார்க்கப்போய் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம், ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.காம் கட்டணம் எவ்வளவு என்று பார்க்க என் மகள் அதன் தளத்துக்குள் போனாள். கட்டணத்துக்கு முன்னால் ஒரு படிவம் வந்து நின்றது. பெயர், செல் நம்பர், அப்பா நம்பர், மார்க், சாதிப் பிரிவு, குடும்ப வருமானம். கீழே ஒரு சின்னக் கட்டம், பிரைவசி பாலிசியை, அதாவது நம் விவரங்களை என்ன செய்வார்கள் என்று சொல்லும் பக்கத்தை, ஏற்கிறேன் என்று. அதில் டிக்கை அவர்களே அடித்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பியதும் ‘எங்கள் ஆலோசகர் உங்களைத் தொடர்புகொள்வார்’ என்றது. கட்டணம் கடைசிவரை வரவில்லை.

ஆலோசகர் வந்தார். அவருக்குப் பின்னால் பெயரே கேள்விப்படாத கல்லூரிகள், எஜுகேஷன் லோன் கொடுப்பவர்கள், விடுதி நடத்துபவர்கள் என்று வரிசை கட்டினார்கள். “பாப்பாவுக்கு சீட் போட்டுடலாமா சார்?” என்று ஒரு நாளில் ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள். அவள் அரசு கலைக் கல்லூரியில் சேர்ந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. இந்த மே மாதமும் போன் வந்தது.

அப்புறம்தான் அந்த பிரைவசி பாலிசியைத் திறந்து பார்த்தேன். முழுக்க ஆங்கிலம். நடுவில், பொருளை உங்கள் முகவரிக்கு அனுப்பிவைப்பது பற்றி ஒரு பத்தி! பல்கலைக்கழகம் எந்தப் பொருளை அனுப்புகிறது? வெப்சைட் வேலை செய்யும் என் அண்ணன் மகன் சிரித்துவிட்டுச் சொன்னான்: ஆன்லைனில் பணம் வாங்கும் வசதி வேண்டுமென்றால் தளத்தில் இப்படிச் சில பக்கங்கள் இருக்க வேண்டுமாம், ஏதோ ஒரு கடையின் பக்கத்தை எடுத்து ஒட்டியிருப்பார்கள் சித்தப்பா என்றான்.

2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அந்தச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. போனில் மருத்துவ ஆலோசனை தரும் ஆப், நோயாளியின் தொடர்பு எண் பட்டியலையும் கேட்கிறது. அவர் சரி என்று அழுத்திவிட்டாலும், சிகிச்சைக்குத் தேவையில்லாத அந்தப் பட்டியலுக்குச் சம்மதம் செல்லாது. பி.காம் கட்டணத்தைச் சொல்ல எங்கள் வீட்டு வருமானம் எதற்கு என்று நான் கேட்பதும் இதைத்தான். சேரும்போது இட ஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழ், உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் கேட்கட்டும், தருகிறோம். விலை விசாரிக்க வந்தவரிடமா கேட்பது?

18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது சட்டம். என் மகளுக்கு அப்போது 17. என் நம்பரை வாங்கிக்கொண்டவர்கள் அதைச் சம்மதம் கேட்கப் பயன்படுத்தவில்லை, சீட் விற்கத்தான் பயன்படுத்தினார்கள். என்ன விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்ற அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் படிக்கவும் வழி இருக்க வேண்டும். வாங்கிய வேலை முடிந்ததும் விவரத்தை அழித்துவிட வேண்டும். சேராத பிள்ளையைப் பொறுத்தவரை அந்த வேலை எப்போதோ முடிந்துவிட்டது.

அவகாசம் 2027 மே வரை இருக்கிறதே என்று காத்திருப்பார்கள் என்பது என் பயம். பட்டச் சான்றிதழில் ஆதார் எண்ணை முழுதாக அச்சிடாதீர்கள் என்று 2023 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. நம் நிறுவனங்களின் அக்கறை அந்த அளவில்தான் இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வருடம் சேர்க்கைப் பக்கங்கள் போடும்போது, எந்தெந்தத் தளத்தில் செல் நம்பர் கொடுக்காமலே கட்டணத்தைப் பார்க்க முடிகிறது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். நீங்கள் பார்த்துச் சொல்லிவிட்டால் எங்களுக்குப் பாதி போன் குறையும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
விருதுநகர் மாவட்டம்.
(பெயரும் முகவரியும் உங்கள் பார்வைக்கு மட்டும். தயவுசெய்து அச்சிட வேண்டாம்.)