பழைய டிரான்ஸ்மிட்டரின் அலைவெண் குறித்து

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள நண்பர் சுப்பையா அவர்களுக்கு, வணக்கம்.

செந்தூலிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மகன் புது வீடு குடிபுகுந்த செய்தி எங்கள் எல்லாருக்கும் மகிழ்ச்சி தந்தது. அலைவெண் நிலையாக நிற்காத அந்தப் பழைய அமெரிக்க அமெச்சூர் வானொலி டிரான்ஸ்மிட்டரை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள், வேண்டாம். இறுதிப் பெருக்கி நிலையில் உள்ள 6146 வால்வு (வெற்றிடக் குழாய்) இன்றும் முழு ஆற்றலைத் தருகிறதென்றால், பழுது அலைவெண்ணை உண்டாக்கும் அலையியற்றிப் பகுதியில்தான் இருக்க வேண்டும், அதைச் சரிசெய்ய முடியும்.

இயக்கிய முதல் அரை மணி நேரம் அலைவெண் மெல்ல நகர்வது வால்வுக் கருவிகளின் இயல்பு. வெப்பத்தால் மின்தேக்கியின் மதிப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே 7 மெகாஹெர்ட்ஸில் 350 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். திடீரென்று அலைவெண் தாவினால், சுழல் மின்தேக்கியின் தொடுமுனையில் படிந்த அழுக்கையோ ஈரம் புகுந்த பழைய மைக்கா மின்தேக்கியையோ சந்தேகிக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் குறை வேறு: மோர்ஸ் சாவியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தொனி கீச்சென்று வளைந்து, பிறகு நிலைக்கு வருகிறது. இது வெப்பத்தால் வருவதாகத் தெரியவில்லை. மின்னழுத்தம் சரிவதால்தான் பெரும்பாலும் இப்படி நேரும்.

அலையியற்றிக்கு நிலையான 150 வோல்ட் கொடுப்பது 0ஏ2 என்னும் வாயு வால்வு. தன் வழியே 5 முதல் 30 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் பாயும்போதுதான் அது ஒழுங்காக வேலை செய்யும். அதற்கு மின்சாரம் செல்லும் வழியில் உள்ள கார்பன் மின்தடை, நம் ஊர்ப் புழுக்கத்தில் பல்லாண்டுகள் ஈரத்தை உறிஞ்சி, மதிப்பு கூடிப்போயிருக்கும். சாவியை அழுத்தியதும் மின்வழங்கியின் அழுத்தம் சற்று இறங்க, அலையியற்றியும் தன் பங்கை இழுத்துக்கொள்ள, 0ஏ2வுக்கு எஞ்சுவது போதாமல் போகிறது. அறை விளக்கை அணைத்துவிட்டு அந்த வால்வைக் கவனியுங்கள். சாவியை அழுத்தும்போது அதன் ஊதா ஒளி மங்கினாலோ அணைந்தாலோ, காரணம் அங்கேதான். மின்தடையை அளக்கும் முன் மின் இணைப்பைக் கழற்றி, மின்தேக்கிகளின் மின்னூட்டத்தை முற்றிலும் வடித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் 600 வோல்ட் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. இதில் அவசரம் கூடவே கூடாது.

வெப்பம் கூடக்கூட மதிப்புக் குறையும் என்750 வகை மின்தேக்கியைச் சேர்த்து நகர்வை ஈடுகட்டலாம் என்று உங்களுக்கு யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது நல்ல வழிதான், ஆயினும் கடைசியாகச் செய்ய வேண்டியது. மின்னழுத்தக் குறையைத் தீர்க்காமல் அதைச் சேர்த்தால், ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடியதாகிவிடும், பிறகு எது எதனால் என்று பிரித்தறியவே முடியாது. 1948இல் அமெரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் கிளாப் வெளியிட்ட அலையியற்றிச் சுற்றைப் பாருங்கள்: வால்வின் இரு பக்கமும் பெரிய மின்தேக்கிகளை வைத்து, வால்வுக்குள் நேரும் மாற்றங்கள் அலைவெண்ணைத் தீர்மானிக்கும் சுருளை எட்டாதபடி செய்திருக்கிறார். ஈடுகட்டுவதைவிடத் தனிமைப்படுத்துவதே மேல் என்ற அந்த அணுகுமுறையைத்தான் நானும் நம்புகிறேன்.

புது மின்தடை வேண்டுமானால் என்னிடம் சில இருக்கின்றன. சுற்றுப்படத்தில் உள்ள மதிப்பை எழுதுங்கள், அஞ்சலில் அனுப்புகிறேன். மாற்றிய பிறகு ஞாயிறு காலை 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையில் அழையுங்கள், தொனி எப்படி இருக்கிறதென்று இங்கிருந்து கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
இராஜமாணிக்கம்